ஆற்றங்கரை எல்லோருக்கும் பொது, குதிரை லத்தி மட்டும் நடப்பவர்களுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் சமயத்தில் தரங்கம்பாடி, திருக்கடையூர் பக்கம் நடக்கும் குதிரை வண்டி ரேக்ளா பந்தயப் படங்கள் ஆண்டுதோறும் பத்திரிகைகளில் பெரிதாக வருகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, நானும் ரசித்துப் பார்க்கிறவன்தான். ஆனால் பந்தயம் ஒரு நாள் கூத்து. மற்ற நாளெல்லாம் குதிரைகள் எங்கே ஓடிப் பழகுகின்றன, ஓடுகிற வழியில் என்ன போட்டுவிட்டுப் போகின்றன, அதை யார் மிதிக்கிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் தினமும் விடியற்காலை நடக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புது ஆற்றங்கரை எப்படியோ, எங்களுக்கு இந்தக் கரை அப்படி. மெயின் ரோட்டில் மணல் லாரியும் டவுன் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும்போது, வண்டி தொல்லை இல்லாமல் நாலு எட்டு நடக்க ஊருக்கு ஒரு கரைதான் மிச்சம் இருக்கிறது. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னவர்கள், வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவர்கள், டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள், சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் வேண்டிக்கொண்டு வெறுங்காலில் நடந்து பழகுகிறவர்கள் என்று எல்லோரும் இதில்தான் போகிறோம். கொஞ்ச காலமாகக் குதிரைக்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். பந்தயத்துக்குப் பழக்குகிறவர்கள் சிலர். ஆசைக்கு ஒரு குதிரை வாங்கிவிட்டு, பக்கத்தில் பைக்கில் வருகிற நண்பன் செல்போனில் படம் பிடிக்க, ரீல்ஸுக்காக ஓட்டுகிற இளவட்டங்கள் மீதிப்பேர்.

குதிரை வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே சண்டைக்கு வந்துவிடுவார்கள். கும்பகோணம், மாயவரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி நின்ற காலத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது, குதிரை நமக்குப் புதிது இல்லை. செல்போனைக் கீழே வைக்காத வயதில் ஒரு பையன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குதிரைக்குக் கொள்ளு வேகவைத்துப் போட்டு, உடம்பைத் தேய்த்துவிடுகிறான் என்றால் அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கொள்ளு என்றால் வாயைத் திறப்பது, கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்வது என்று பழமொழி சொன்னது குதிரையைப் பற்றித்தான், ஓட்டுகிறவர்களும் அப்படி இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கரை வேண்டும், காலைக் காற்று வேண்டும், படம் எடுக்க மூங்கில் புதரும் தண்ணீரும் பின்னால் வேண்டும். போட்டதை அள்ளுவதற்கு மட்டும் ஆள் கிடையாது.

குதிரை மாடு மாதிரி ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போவதில்லை. பெரும்பாலும் நடந்துகொண்டே, ஏன், ஓடிக்கொண்டேகூடப் போடும். அதனால் இங்கே இரண்டு உருண்டை, நாலடி தள்ளி மூன்று உருண்டை, அப்புறம் கொஞ்சம் சிதறல் என்று பத்துப் பதினைந்து அடிக்கு நீளமாகக் கிடக்கிறது. கரையில் நடக்கத் தோதான தடமே இரண்டுதான், டிராக்டர் சக்கரம் போட்ட தடங்கள், அவற்றில் ஒன்றின் நடுவிலேயே இது. விடியாத இருட்டில் டார்ச் இல்லாமல் வருகிறவர் மிதிக்காமல் தப்ப முடியாது. சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குப் 15 கிலோவுக்கு மேல் லத்தி போடும். நம் பக்கத்துக் குதிரைகள் சிறியவை, அவ்வளவு வராது, சரி, பாதி என்றே வையுங்கள். நாலைந்து குதிரை தினமும் போய் வந்தால் கரை என்ன ஆகும்?

இதைச் சொன்னதும் உடனே ஒரு பதில் வரும்: "மாடு சாணி போட்டால் பேசாமல் இருக்கிறீர்கள், குதிரை என்றால் மட்டும் குத்துகிறதா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எங்கள் ஊரில் மாடு போட்ட சாணி ரொம்ப நேரம் கரையில் கிடக்காது. வறட்டிக்கு, வாசல் தெளிக்க, எருக்குழிக்கு என்று யாராவது ஒரு அம்மா அன்னக்கூடையோடு வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார். குதிரை லத்தியை அப்படி எடுப்பாரில்லை. மாடு அசை போட்டு மையாக அரைத்த தீனி அதன் சாணி. குதிரை அசை போடுகிற பிராணி இல்லை, அதனால் வைக்கோல் துண்டும் புல் நாருமாக, அரைத்தும் அரைக்காமலும் வெளியே வந்துவிடுகிறது. தெளிக்கவும் ஆகாது, தட்டவும் வராது. கேட்க நாதியில்லாமல் அங்கேயே காய்ந்து, சித்திரை வெயிலில் பொடியாகி மூக்கில் ஏறுகிறது, ஐப்பசி மழையில் கரைந்து படித்துறைப் பக்கமாகவே இறங்குகிறது. அந்தப் படித்துறையில்தான் குளிக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். மழை ஈரத்தில் கிடக்கிற லத்தியில் ஈ முட்டையிட்டால், நம் ஊர்ச் சூட்டில் பத்து நாளுக்குள் புது ஈயாகப் பறக்கிறது. கரையோரத்து டீக்கடைக்காரரிடம் கேட்டால் விவரமாகச் சொல்வார்.

அசை போடாததால் இன்னொன்றும் உண்டு. குதிரை தின்ற புல்லின் விதைகளில் ஒரு பகுதி செரிக்காமல் அப்படியே வெளியே வந்து, எருவோடு சேர்த்து விதைத்த மாதிரி முளைக்கும். ஏற்கெனவே கருவையும் பார்த்தீனியமும் கரையை விழுங்கிக்கொண்டிருக்கின்றன, எங்கிருந்தோ வாங்கி வந்த தீவனத்தின் களை விதை வேறு வேண்டுமா?

கால் விஷயத்துக்கு வருகிறேன், எனக்குப் பெரிய கவலை அதுதான். டெட்டனஸ், பழையவர்கள் ரண ஜன்னி என்பார்கள், அந்தக் கிருமி சாதாரண மண்ணிலும் இருக்கிறது, குதிரையின் குடலிலும் லத்தியிலும் தாராளமாக இருக்கிறது. காயமில்லாத காலில் மிதித்தால் அருவருப்போடு போய்விடும், கழுவிக்கொள்ளலாம். கருவை முள்ளோ கண்ணாடிச் சில்லோ குத்தின காலோடு மிதித்தால்தான் ஆபத்து. எங்கள் கரையில் முள் குத்தாத கால் எது? சர்க்கரை முற்றினவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும், முள் குத்தியதே வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, பத்து வருஷத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போடுவார்கள். ஆனால் நம் ஊரில் பெரியவர்கள் எத்தனை பேர் அதை ஞாபகம் வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள்?

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. இங்கிலாந்தில் குதிரையும் நடப்பவர்களும் சேர்ந்து போக என்றே கிராமப்புறப் பாதைகள் இருக்கின்றன, 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவற்றில் சைக்கிளையும் அனுமதித்தது, ஆனால் சைக்கிள்காரர் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விட வேண்டும் என்று நிபந்தனை. அமெரிக்க மலைப்பாதைகளில் முக்கோணமாக ஒரு பலகை வைத்திருப்பார்கள், நடப்பவரும் சைக்கிள்காரரும் குதிரைக்கு ஒதுங்க வேண்டும் என்று அர்த்தம், மிரளுகிற பிராணி அதுதானே. லத்தி விஷயத்தில் மட்டும் அங்கேயும் முணுமுணுப்பு ஓயவில்லை. "வெறும் புல்தானே" என்பது குதிரைக்காரர் கட்சி, "எங்கள் நாய் போட்டால் மட்டும் பையில் எடுக்கச் சொல்கிறீர்களே" என்பது எதிர்க்கட்சி. ஆனால் வியன்னாவிலும் அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்திலும் சுற்றுலா வண்டிக் குதிரைகளுக்குப் பின்னால் பை கட்டியே ஆக வேண்டும். முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொன்று, அங்கே மலையேறுகிறவர் கணுக்கால் மறைய பூட்ஸ் போட்டிருப்பார், அவர் "வெறும் புல்தானே" என்று விட்டுவிடலாம். வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு செருப்பைக் கழற்றினவரிடம் போய் அந்த நியாயத்தைச் சொல்ல முடியாது.

அடுத்தது வேகம். மண் கரையில் குளம்புச் சத்தம் கேட்கவே கேட்காது, முதுகுக்குப் பின்னால் மூச்சு வந்த பிறகுதான் தெரியும். போன மழைக்காலத்தில் எங்களோடு நடக்கிற ஒரு பெரியவர், பின்னால் வந்த குதிரையைப் பார்த்துத் திடுக்கிட்டு ஒதுங்கப்போய், சரிவில் வழுக்கி நாணல் புதரில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் பெரிதில்லை. ஓட்டி வந்த பையன் நின்று கைகொடுத்துத் தூக்கினான், நல்ல பையன்தான், ஆனால் தூக்கிவிட்டுச் சொன்னான்: "தாத்தா, குதிரை வர்ற நேரத்துல நீங்க ஏன் இந்தப் பக்கம் வர்றீங்க?" குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதை. பெரியவர் பதில் சொல்லவில்லை. வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றை, சேறு மட்டும்தானா என்று குனிந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் கரையையும் கவனிக்க வேண்டும். நம்முடையது வண்டல் களிமண், நனைந்தால் வெண்ணெய். முந்நூறு நானூறு கிலோ எடை நாலு குளம்பில் இறங்கும்போது சாண் ஆழத்துக்குக் குழி விழுகிறது, அதில் தண்ணீர் தேங்கி, ஓரமாக அரித்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குகிறது. டிராக்டரும் இதைச் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உடைப்பு எடுத்த கரைக்கு ராத்திரியோடு ராத்திரியாக மணல் மூட்டை தூக்கின ஊர்க்காரர்களுக்குக் கரையில் ஒரு புதுப் பள்ளத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். முன்பெல்லாம் கரையைக் கண்காணிக்கிற அரசு ஊழியரான லஸ்கர் சைக்கிளில் கரையோடு போய் வருவார், ஒரு அதட்டல் போட்டால் அடங்கும். இப்போது அவரைக் கண்ணில் காண்பதே அபூர்வம். மனு எழுதிக்கொண்டு போனால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுகிறது. கரை ஒருவர் பொறுப்பு, குப்பை இன்னொருவர் பொறுப்பு, குதிரை யார் பொறுப்பிலும் இல்லையாம்.

நடப்பவர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. பாட்டிலை உடைத்துப் போடுவது குதிரையா? பிளாஸ்டிக் டம்ளரும் ஊறுகாய்ப் பாக்கெட்டும் எந்தக் குதிரை தின்றது? மதகுக்குப் பின்னால் ஒதுங்குகிறவர்களைப் பற்றி எழுதினால் நீங்கள் அச்சில் போட மாட்டீர்கள். உடைந்த பாட்டில் குதிரையின் குளம்பிலும்தான் ஏறுகிறது. குதிரை பக்கத்தில் எப்படி நடந்துகொள்வது என்றும் நமக்குத் தெரிவதில்லை. அதற்கு நேர் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, அங்கே போய் நின்று செல்ஃபி எடுத்தால் உதைக்கத்தான் செய்யும். எதிரில் குதிரை வந்தால் பாதிப்பேர் ஆற்றுப் பக்கமும் பாதிப்பேர் வயல் பக்கமும் ஒதுங்குகிறோம், நடுவில் மாட்டின மாதிரி அது மிரளுகிறது. எல்லோரும் ஒரே பக்கம் நின்று, குடையைப் படக்கென்று விரிக்காமல், சாதாரணமாக இரண்டு வார்த்தை பேசினால் மனுஷன்தான் என்று புரிந்துகொண்டு பேசாமல் போய்விடும்.

கோடியக்கரைக் காட்டில் யாரும் வளர்க்காத குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன, அவை போடுவதற்கு யாரைப் போய்க் கேட்பது? இங்கே கடிவாளத்தைப் பிடித்த கை ஒன்று இருக்கிறது. ஆட்களைப் பார்த்ததும் நாற்பது ஐம்பது அடிக்கு முன்பே குதிரையை நடைக்குக் கொண்டுவந்து "குதிரை வருது" என்று ஒரு குரல் கொடுங்கள். பை கட்ட முடிந்தால் கட்டுங்கள். குதிரை பழகவில்லை, மிரளுகிறது என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் திரும்பி வரும்போது, கூடப் படம் பிடிக்க வருகிறானே அந்த பைக் நண்பன், அவனிடம் ஒரு சாக்கும் தட்டையான மண்வெட்டியும் கொடுத்து அள்ளச் சொல்லுங்கள். ஓரமாகத் தள்ளுவதானால் வயல் பக்கம் தள்ளுங்கள், ஆற்றுப் பக்கம் வேண்டாம். நல்ல மழை பெய்த மறுநாள் கரைக்கே வராதீர்கள், அறுப்பு முடிந்த வயலோ திடலோ கிடைக்காமலா போகும்? ஊராட்சி செய்ய வேண்டியது ஒரே ஒரு பலகை, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை குதிரை ஓட்டம் கிடையாது, மற்ற நேரம் நடையில் போகலாம் என்று. அதற்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது.

அள்ளினதை எங்கே கொட்டுவது என்பது அடுத்த கேள்வி. எரிக்க வேண்டாம், ஆற்றில் கொட்டவும் வேண்டாம். குதிரை லத்தி குவித்தால் சீக்கிரம் சூடேறி மட்குகிற சரக்கு, வைக்கோலோடு சேர்த்து மட்க வைத்துத்தான் வெளிநாட்டில் மொட்டுக் காளான் படுக்கை போட்டு வந்திருக்கிறார்கள். அந்தச் சூடு நன்றாக ஏறினால் களை விதையும் பெரும்பாலும் செத்துவிடும், அதனால் பச்சையாக வயலில் போடாமல் சில மாதம் விட்டுப் போட வேண்டும். தென்னைக்கும் வாழைக்கும் தாராளமாகப் போடலாம். வைக்கோலுக்கா டெல்டாவில் பஞ்சம்? என் கொல்லையிலேயே ஒரு எருக்குழி காலியாகக் கிடக்கிறது. குதிரைக்காரத் தம்பிகள் சாக்கோடு வந்தால் கதவைத் திறந்து விடுகிறேன், குழி நிறைந்தால் பக்கத்து வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கரையில் நடக்கும் வாசகர் ஒருவர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.