குன்னூர் ரேடியோ கடை அண்ணாவுக்கு

1991இல் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணாவுக்கு இந்த நன்றி. அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீட்டு ரேடியோவைக் கழற்றிவிட்டுத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல், பையில் அள்ளிக்கொண்டு அவரிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. மலைப் பனியின் ஈரத்தில் வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கும் என்று சொல்லி, அதைத் துடைக்கப் பழக்கினார்.

அப்புறம் சனிக்கிழமைதோறும் அங்கேதான் இருந்தேன். ஒருநாள் மின்சார சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் இரண்டு டிரான்சிஸ்டர், மின்சாரத்தைச் சேர்த்து வைத்து விடும் இரண்டு கெப்பாசிட்டர் வைத்து, மாறி மாறி மின்னும் இரண்டு எல்.இ.டி. செய்து காட்டினார். பிறகு கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்களை வைத்தார். மின்னுவது நின்றது, ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. எரிகிற பக்கத்து டிரான்சிஸ்டரின் பேஸை, அதாவது அதை இயக்கும் காலை, ஒயரால் கிரவுண்டில், அதாவது மைனஸ் பக்கத்தில், தொட்டதும் அடுத்த விளக்குக்கு மாறி, அப்படியே நின்றது.

"பார் தம்பி, தொட்டதை ஞாபகம் வெச்சிருக்கு" என்றார்.

கோயம்புத்தூரில் கல்லூரி படிக்கும்போது பலகையில் ஃபிளிப் ஃபிளாப் வரைந்தார்கள். 1918இலேயே எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர்கள் இருவரும் வால்வுகளை, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களை, வைத்து உருவாக்கிய சுற்று, ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1ஐ, தாங்கும் நினைவகம். எனக்கு அது அண்ணாவின் மேஜையாகத்தான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

இன்று மைக்ரோகண்ட்ரோலர்கள் என்ற சின்னச் சில்லுக் கணினிகளுக்கு நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. போன வருடம் போய்ப் பார்த்தேன், கடை இல்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. ஒரு பழைய சால்டரிங் அயர்ன் கொடுத்தீர்களே அண்ணா, இன்னும் சூடாகிறது. ரொம்ப நன்றி.