சர்ச் & மண்டபம்

குழித்துறை

அன்புள்ள நண்பனுக்கு,

வீட்டில் அனைவரும் நலம். மழை விடாததால் ரப்பர் பால் வெட்டு நடக்கவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி சற்றுக் குறைந்திருக்கிறது. கணக்கு வாத்தியார் உன்னை விசாரித்தார். வழக்கம்போல அந்தக் குடையையும் விசாரித்தார். இனி விஷயத்துக்கு வருகிறேன். இதில் உனக்கும் பங்கிருக்கிறது.

நம் சின்னவன் மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். கல்யாண வீடியோக்களை இரவில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரலைக் கொண்டு சுருக்கி, அது முடிந்ததும் அசல் கோப்பை அழித்து வட்டில் இடம் மீட்கும் பைத்தான் நிரல் ஒன்றை அவன் எழுதி, குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் க்ரானில் போட்டு வைத்திருந்தான். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. சென்ற வாரம் ஒரு காலையில் பார்த்தால், ஒரு கல்யாணத்தின் அசலும் இல்லை, சுருக்கியதும் இல்லை. கேமரா கார்டைத் துடைக்காமல் வைத்திருந்ததால் பெண் வீட்டாருக்குச் செய்தி எட்டவில்லை. முதலாளி வைரஸ் என்றார். நான் கோப்பின் பெயரை மட்டும் கேட்டேன். 'சர்ச் & மண்டபம்.எம்பி4' என்றான்.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். கட்டளையை ஓட்டித் தரும் ஓஎஸ்.சிஸ்டம் என்ற பைத்தான் அழைப்புக்குள் கட்டளையையும் கோப்புப் பெயரையும் கூட்டல் குறியால் ஒட்டி ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) கொடுத்திருந்தான். அந்தச் சரம் நேராக, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லின் கைக்குப் போகிறது; ஷெல்லுக்கு & என்றால் 'இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓடவிட்டு அடுத்ததற்குப் போ' என்று பொருள். உள்ளே வரும் கோப்பு, வெளியே போகும் கோப்பு என்று பெயர் இரண்டு இடத்தில் வந்ததால் கட்டளை மூன்று துண்டானது. முதல் துண்டு 'சர்ச்' என்ற இல்லாத கோப்பைத் தேடித் தோற்றது; மற்ற இரண்டும் 'மண்டபம்.எம்பி4' என்ற நிரலை ஓட்டச் சொல்லின. அப்படி ஒரு நிரல் உலகத்திலேயே இல்லை. அடுத்த வரியில் இருந்த, கோப்பை அழிக்கும் ஓஎஸ்.ரிமூவ் மட்டும் ஷெல்லிடம் போகாமல் நேராகவே வேலை செய்வது. பெயரை முழுதாகப் பெற்று, அசலை முழுதாக அழித்தது.

என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. ஓஎஸ்.சிஸ்டம் அன்றிரவு 32512 என்ற எண்ணைத் திருப்பித் தந்திருக்கிறது. கட்டளை கிடைக்கவில்லை என்பதற்கு ஷெல் தரும் எண் 127. லினக்ஸில் அது 256-ஆல் பெருக்கப்பட்டு வருகிறது. அதாவது, தோற்றுவிட்டேன் என்று அந்த வரி தெளிவாகச் சொல்லியிருக்கிறது, அதை வாங்கி வைக்க நிரலில் ஒரு மாறி கூட இல்லை.

சரிசெய்யக் கால் மணி நேரம் கூட ஆகவில்லை. அதே வேலைக்குப் பைத்தானில் உள்ள சப்ப்ராசஸ்.ரன் அழைப்பில் கட்டளையை ஒரு பட்டியலாகக் கொடுக்க வைத்தேன்: நிரலின் பெயர் ஓர் உறுப்பு, உள்ளே வரும் கோப்பைக் குறிக்கும் '-i' ஓர் உறுப்பு, கோப்புப் பெயர் எத்தனை இடைவெளியும் குறியும் இருந்தாலும் ஒரே உறுப்பு. இடையில் ஷெல்லே இல்லை. கூடவே செக்=ட்ரூ; சுழியம் அல்லாத எண் வந்தால் அந்த இடத்திலேயே விதிவிலக்கு என்ற பிழை எழும், அழிக்கும் வரிக்கு நிரல் போகவே போகாது. எஃப்எஃப்எம்பெக் உள்ளீட்டுக்குக் காத்து நிற்காதிருக்க '-nostdin' என்பதையும் சேர்த்தோம். ஹைஃபனில் தொடங்கும் பெயரைப் பட்டியலும் காப்பாற்றாது, எஃப்எஃப்எம்பெக் அதை '-i' போன்ற ஒரு விருப்பத்தேர்வு என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் பெயருக்கு முன்னால் './' வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் முடிந்து சாயா குடிக்கும்போது, இப்படிச் சரத்தை ஒட்டும் வழக்கத்தை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். "அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்த நிரலைப் பார்த்துத்தான்" என்றான். அண்ணன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லையே மக்கா!

நீ பெர்ல் என்ற நிரல்மொழியிலிருந்து வந்தவன். கட்டளையை ஓட்டப் பேக்டிக் (`) குறிகளுக்குள் எதையும் எழுதித் தள்ளிப் பழகிய கை உன்னுடையது. பெர்ல், சரத்தில் ஷெல்லின் சிறப்புக் குறிகள் இல்லையென்றால் ஷெல்லைக் கூப்பிடாமல் தானே ஓட்டிவிடும். அதனால்தான் அது உன்னை இத்தனை காலம் காட்டிக்கொடுக்கவில்லை. சப்ப்ராசஸ் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல, 2004-இல் பைத்தான் 2.4-உடன் வந்தது, ரன் 2015-இல் 3.5-உடன் வந்தது. இனியும் புதிது என்று நீ சாக்குச் சொல்ல முடியாது.

விளையாட்டை விடு. ஸ்டுடியோவில் பெயர் வைப்பது சின்னவன் ஒருவன்தான். பள்ளியிலோ ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து கோப்பை ஏற்றுகிறது. குறும்புக்காரப் பிள்ளை ஒன்று பெயருக்குள் ஓர் அரைப்புள்ளியும் (ஷெல்லுக்கு ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்கும் குறி) அதன் பின்னே ஒரு கட்டளையும் எழுதி அனுப்பினால், உன் நிரல் அதைச் சர்வரில், தனக்குரிய அனுமதியோடு, ஓட்டிக் காட்டும். மதிப்பெண் பட்டியலும் அதே கணினியில்தானே இருக்கிறது? இரண்டு நாளாக எனக்கு இதே நினைப்பாக இருக்கிறது.

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் பைப் வேண்டும், அதனால் ஷெல் இல்லாமல் முடியாது என்று நீ வாதாடுவாய். வேண்டிய இடத்தில் வைத்துக்கொள். ஆனால் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பெயரையும், சிறப்புக் குறிகள் வேலை செய்யாதபடி மேற்கோளிட்டுத் தரும் ஷ்லெக்ஸ்.கோட் வழியாக அனுப்பு. அப்போதும், உபுண்டு லினக்ஸில் அந்த ஷெல் நீ தட்டச்சு செய்து பழகிய பாஷ் அல்ல, டேஷ் என்ற வேறொன்று என்பதை நினைவில் வை.

இதைப் படித்த அன்றே அந்த நிரலில் ஓஎஸ்.சிஸ்டம், சப்ப்ராசஸை ஷெல் வழியாக ஓடச் சொல்லும் ஷெல்=ட்ரூ இரண்டையும் தேடி, அகப்படும் வரிகளை எனக்கு அனுப்பு. பள்ளிக்கு நானே போய் மாற்றித் தருகிறேன். சர்வர் கடவுச்சொல்லை மட்டும் தலைமையாசிரியரிடம் நீ சொல்லி வாங்கித் தர வேண்டும், ஏனெனில் என்னைக் கண்டாலே அவர் குடைக் கதையைத் தொடங்கிவிடுவார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்