சிவப்புக் கோடு சொல்வதும் சொல்லாததும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் நானோ மருத்துவம் பற்றி அண்மையில் வெளியான கட்டுரை பயனுள்ளது. ஆனால், தங்கத் துகள்கள் நோயைக் கண்டுபிடிப்பதாக அதில் இருந்த ஒரு வரி திருத்தப்பட வேண்டியது. மருத்துவ ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு அது வெறும் சொற்பிழையாகத் தோன்றவில்லை. டெஸ்ட் கார்டுகளைப் பற்றி மக்களிடம் உள்ள தவறான எண்ணங்கள் பலவும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கர்ப்பம், டெங்கு, மலேரியா, கொரோனா என எதற்கான கார்டாக இருந்தாலும், அதில் விழும் சிவப்புக் கோடு பெரும்பாலும் கூழ்ம நிலையிலுள்ள (நீரில் கரையாமல் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கும்) தங்கமே (நிறமூட்டிய லேட்டக்ஸ் மணிகளைப் பயன்படுத்தும் கார்டுகளும் உண்டு). ஏறத்தாழ 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அந்தக் கரைசல் செந்நிறமாகத் தெரிகிறது. மைக்கேல் ஃபாரடே 1857-இல் விவரித்ததும் இந்தச் செந்நிறத்தைத்தான். கிருமியின் புரதத்தையோ கர்ப்பகால ஹார்மோனையோ பற்றிக்கொள்வது துகளின் மேல் போர்த்தப்பட்டிருக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) என்னும் புரதம். அதைக் கண்ணுக்குப் புலப்படுத்துவது மட்டுமே தங்கத்தின் வேலை. போர்வையில்லாத தங்கக் கூழ்மத்தில் உப்புக் கரைசலை விட்டால் துகள்கள் திரண்டு நீலமாகிவிடும். போதுமான புரதம் படிந்திருந்தால் சிவப்பு மாறாது. 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்ற சிக்மண்டி வகுத்த 'தங்க எண்' (துகள்கள் திரளாமல் காக்க எவ்வளவு புரதம் வேண்டும் என்பதைச் சொல்லும் அளவு) இந்தப் பண்பின் அடிப்படையில் அமைந்ததே. எவ்வளவு எதிர்ப்பொருள் பூச வேண்டும் என்பதை இன்றும் உப்பு விட்டுத்தான் சோதிக்கிறார்கள்.

வெயிலில் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது, எதிர்ப்பொருள் கெட்டுவிடும். பெரும்பாலான உறைகளில் 2 முதல் 30 டிகிரி வரை என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். கோடையில் 40 டிகிரியைத் தொடும் வேலூரில், தகரக் கூரையின் கீழ்க் கிடந்த கார்டில் 'சி' கோடு (கார்டு இயங்கியதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு) பளிச்சென்று விழலாம்; 'டி' கோடு (பரிசோதனை முடிவைக் காட்டும் கோடு) விழ வேண்டிய இடத்தில் விழாமலும் போகலாம். 'சி' கோடு திரவம் உரியபடி ஓடியதைக் காட்டுமே தவிர, மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா என்பதைக் காட்டாது. கொரோனா காலத்தில், அறிகுறி உள்ளவருக்கு ஆன்டிஜென் பரிசோதனையில் 'நெகட்டிவ்' வந்தால் ஆர்டி-பிசிஆர் செய்ய வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் அறிவுறுத்தியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அண்டை வீட்டுப் பெண் ஒருவர் காலையில் செய்த கர்ப்பப் பரிசோதனை கார்டை மாலையில் எடுத்துவந்து, மெலிதாக ஒரு கோடு தெரிகிறதே என்று கேட்டார். குறித்த நேரம் கடந்து, ஈரம் உலர்ந்த பின் தோன்றும் கோட்டுக்குப் பொருள் கிடையாது. மறுநாள் புதிய கார்டில் பார்க்கச் சொன்னேன். உறைக்குள் இருந்த தாளில் இது எழுதப்பட்டுத்தான் இருந்தது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

மருந்துக் கடைகளில் விற்கும் கார்டுகளின் உறை மீது, வைத்திருக்க வேண்டிய வெப்பநிலையையும் முடிவைப் பார்க்க வேண்டிய நேரத்தையும் தமிழில் அச்சிடுமாறு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நிறுவனங்களை வலியுறுத்த வேண்டும். அதுவரை, தங்கள் அறிவியல் பக்கத்திலேயே இவ்விரண்டையும் ஒரு கட்டமாக வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
வேலூர்.