பேனாக்கத்தி சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். உறுப்பினர் வசமுள்ள கத்திகளின் கைப்பிடிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லும்படி சென்ற பொதுக்குழு பணித்திருந்தது. அந்த வேலை முடிந்தது. இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

கையில் புழங்கிய கத்தியைவிடப் பெட்டியில் பூட்டி வைத்த கத்திதான் அதிகம் கெட்டிருக்கிறது. அதிலும் எருமைக் கொம்புக் கைப்பிடிகளின் நிலை மோசம். கொம்பும் நம் நகமும் ஒரே பொருள். மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து உப்பும், ஏ.சி. அறையில் காய்ந்து சுருங்கும். ஆணிகள் இறுகப் பிடித்திருப்பதால் சுருங்க இடமில்லாமல் ஆணித் துளையிலிருந்து விரிசல் ஓடுகிறது. இல்லையேல் ஓரம் வளைந்து, அடியிலுள்ள பித்தளைத் தகட்டை விட்டு எழும்புகிறது. எழும்பியதை விரலால் அழுத்திப் பசை போடாதீர்கள், உடைந்துவிடும். பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் போதும். 60-ஐத் தாண்டினால் கார்பன் எஃகு அலகில், அதாவது வெட்டும் தகட்டில், துரு ஏறும். 40-க்குக் கீழே போனால் கொம்பு வெடிக்கும். அதனால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கணக்கின்றிப் போடுவதும் கேடுதான். சிறிய ஈரமானி ஒன்றைப் பெட்டியிலேயே வைத்து, அது காட்டும் எண்ணைப் பார்த்துப் பொட்டலங்களைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

கொம்பின் மேல் குண்டூசியால் குத்தியது போலக் குழிகளும் கீழே தூளும் தெரிந்தால் அது வண்டுப் புழுவின் வேலை. அந்தக் கத்தியை உடனே தனி டப்பாவுக்கு மாற்றி, மற்றவற்றையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

தோல் உறையில் வைத்திருந்தவற்றில் பித்தளைத் தகட்டிலும் கைப்பிடி முனையிலுள்ள ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல் கலந்த உலோகம்) பூணிலும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. பதனிட்ட தோலில் தங்கும் அமிலமும் கொழுப்பும்தான் காரணம். உறை வெளியே எடுத்துச் செல்ல மட்டுமே. வீட்டில் பருத்தித் துணி போதும். ஆமை ஓடு, முத்துச்சிப்பி போலத் தோன்றும்படி செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த கைப்பிடி இன்னும் ஆபத்தானது. சிதையும்போது அது அமில ஆவியை விடும். பக்கத்திலுள்ள நல்ல கத்திகளின் அலகையும் அரிக்கும். எளிதில் தீயும் பற்றும். கற்பூர வாடை வந்தாலே அதைத் தனியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இவ்வாண்டு கண்டவற்றில் மனதை மிகவும் வருத்தியது புளி போட்டுத் தேய்த்த ஒரு சிப்பிக் கைப்பிடி. வீட்டுப் பித்தளைக்குப் புளி நல்லதுதான். ஆனால் சிப்பி சுண்ணாம்பு வகைப் பொருள். புளியோ எலுமிச்சையோ வினிகரோ பட்டால் மேற்பரப்பு கரைந்து மங்கிவிடும். அந்த மினுமினுப்பைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. இந்தக் கைப்பிடித் தகடுகள் ஆஸ்திரேலியக் கடல்களின் பெரிய சிப்பியிலிருந்து அறுத்தவை. நம் மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி சிறியது, மெல்லியது. தகடு அறுக்கும் அளவுக்குத் தடிமன் கிடைக்காது.

துடைக்கும் முறையைச் செய்முறை வகுப்பில் காட்டினோம். அலகைப் பாதி திறந்து, மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றி உட்குழியின் அழுக்கை எடுக்க வேண்டும். பிறகு அலகு திரும்பும் ஆணியில் மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் ஒரே சொட்டு. இருபது முறை திறந்து மூடினால் கருப்பு எண்ணெய் வெளியே வரும். வருவது தெளியும்வரை துடைத்துத் திரும்பச் செய்ய வேண்டும். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நாளாக ஆகச் சிக்கு வாடை வந்து, ஸ்பிரிங்கில் பிசினாகப் படியும். மாட்டெலும்புக் கைப்பிடியை எண்ணெயில் ஊறப் போடவும் கூடாது. துளைகள் வழியே ஏறித் திட்டுத் திட்டாகக் கறுக்கும். அலகின் சாம்பல் நிறப் படலம் துருவன்று, அதை விட்டுவிடுங்கள். பஃபிங் இயந்திரத்தில் கொடுத்து அலகைப் பளபளக்கச் செய்தால் அதில் பொறித்த தயாரிப்பாளர் முத்திரையின் ஓரங்கள் தேய்ந்து, கத்தியின் வயதைச் சொல்லும் சாட்சியே போய்விடும்.

அந்தச் சாட்சியைப் படிப்பது பற்றியும் ஒரு கூட்டம் நடந்தது. அமெரிக்காவின் கேஸ் (Case) நிறுவனக் கத்திகளில் 1970-இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் இருந்தன. ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து 1979-இல் ஒரு புள்ளி. மாதிரி எண்ணின் முதல் இலக்கம் கைப்பிடியைச் சொல்லும்: 5 மான் கொம்பு, 6 எலும்பு, 8 சிப்பி. இரண்டாம் இலக்கம் அலகுகளின் எண்ணிக்கை. ஆக, 6220 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, 20-ஆம் வடிவம். மடக்கினால் 2⅞ அங்குலமே வரும் ‘பீனட்’ (நிலக்கடலை) என்ற கத்தி அது. முதல் இலக்கம் 6 என்றிருந்தும் பத்து மடங்கு லென்ஸில் எலும்பின் நுண்துளைகள் தெரியாவிட்டால், அது தொழிற்சாலையிலேயே போட்ட செயற்கைப் பிடியா, பின்னாளில் மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள். பிளாஸ்டிக்கா என்று அறிய ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்கும் சோதனை தேவையே இல்லை. உண்மையான பிடியையும் அது கெடுத்துவிடும்.

கடைசியாகச் சட்டம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த பழைய கத்திகளின் புகழ்பெற்ற கொம்புப் பிடிகளில் பல நம் காட்டுக் கடமானின் கொம்பு. உதிர்ந்த கொம்பின் ஏற்றுமதியை இந்தியா 1990-களின் இறுதியில் நிறுத்தியது. உள்நாட்டிலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் கொம்பு, யானைத் தந்தம், ஆமை ஓடு மூன்றையும் கட்டுப்படுத்துகிறது. பரம்பரையாக வந்தது என்ற பேச்சு விற்பனைக்கு உரிமை தராது. ஆகவே நம் பரிமாற்ற மேசையில் இம்மூன்றும் இடம்பெறக் கூடாது என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்துள்ளது. எலும்பு, எருமைக் கொம்பு, சிப்பி, மரம் ஆகியவை வழக்கம்போல் வரலாம்.

வரும் ஆண்டில் ஐப்பசிக்கு முன்பு ஒருமுறையும் தை பிறந்தபின் ஒருமுறையும் அனைவர் பெட்டிகளையும் சோதிக்கத் திட்டமிட்டுள்ளோம். சங்கச் செலவில் ஈரமானிகள் வாங்கவும் அனுமதி வேண்டும். இவ்விரண்டுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்