ஏழாவது வரியைத் திருத்துங்கள்: உதிரிபாக நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

என் காருக்கு உங்களிடம் வாங்கிய முன்பக்கப் பாகங்களில் ரப்பர் கிழிந்துபோனது பற்றிய என் புகாருக்கு உங்கள் பதில் சென்ற வாரம் கிடைத்தது. இரண்டே வரிகள். பாகங்கள் தவறான முறையில் பொருத்தப்பட்டுள்ளன. ஆகவே வாரண்டி பொருந்தாது. நான் அனுப்பிய ஆறு புகைப்படங்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பொருத்தும் முறை என்று பெட்டிக்குள் நீங்கள் வைத்திருந்த தாளின் ஏழாவது வரியைக் குறித்து நான் கேட்டிருந்த கேள்விக்கும் பதில் இல்லை. அதனால்தான் அதே கேள்வியை நாலு பேர் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. கடிதம் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். இதே போன்ற தாளை வைத்து விற்கிற மற்றவர்களும் இதைப் படித்தால் நல்லது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தாளைத் திருத்துங்கள். திருத்தியதைத் தமிழிலும் அச்சிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

குலசேகரத்துக்கு அருகில் எனக்கு ஒரு சிறிய ரப்பர் விளை, அதாவது தோட்டம், இருக்கிறது. உலர்ந்த ரப்பர் ஷீட்டையும், சிரட்டையிலும் பட்டையிலும் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலையும் கடைக்குக் கொண்டுபோவதும், வீட்டில் உள்ளவர்களை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் ஒரே பழைய காரில்தான். ஆண்டுக்கு இரண்டு மழைப் பருவம் காணும் மாவட்டம் இது. ஆனி, ஆடியில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. ஒரு மழையில் விழுந்த பள்ளத்தை மூடுவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். இந்தச் சாலைகளில் ஷாக் அப்சர்பர் தேய்வதில் வியப்பில்லை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மாசி மாதம், மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்த்துக்கொண்டிருந்தன. பாலெடுக்கப் பட்டையைச் சீவும் பால்வெட்டை நிறுத்தியிருந்த நாட்கள். கையில் நேரம் இருந்தது, ஸ்பேனர் பிடித்துப் பழக்கமும் உண்டு. முன்பக்கத்துக்கான உங்கள் முழுத் தொகுப்பை வாங்கினேன். ஷாக் அப்சர்பர் இரண்டு, அதன் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் மேல் மவுண்ட், பேரிங், சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் இரண்டு, அவற்றின் மூட்டில் வரும் ரப்பர் புஷ்ஷோடு. வீட்டிலேயே எளிதில் பொருத்தலாம் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். ஸ்பேனரோடு சிரித்துக்கொண்டு ஒருவர் நிற்கும் படமும் இருந்தது. அதை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

உள்ளே இருந்தது ஒரே ஒரு தாள், நான்காக மடித்தது. ஒரு பக்கம் ஆங்கிலம். மறுபக்கம் எனக்குப் படிக்கத் தெரியாத வேறொரு மொழி. படங்கள் பலமுறை நகலெடுத்து மங்கிப்போயிருந்தன. மேல் மவுண்டில் வரும் குழிந்த வாஷரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழி மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா? உங்கள் படத்தில் அது வெறும் கறுப்புக் கோடு. வலது, இடது என்று எந்தப் பாகத்திலும் குறி இல்லை. பிரேக் ஹோஸைப் பிடிக்கும் கொக்கி எந்தப் பக்கம் வருகிறது என்று பழைய பாகத்தையும் புதிய பாகத்தையும் அருகருகே திண்ணையில் வைத்துப் பார்த்து ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன்.

ஆனாலும் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஷாக் அப்சர்பரைச் சுற்றியிருக்கும் சுருள்வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவியைப் பற்றி உங்கள் தாளில் ஓர் எச்சரிக்கைகூட இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு சிறிய காரின் முன்பக்கச் சுருள்வில்லை மவுண்டிலிருந்து விடுவிக்கும் அளவுக்கு அமுக்கினால் அதில் நூற்றுக்கணக்கான கிலோ விசை அடைபட்டு நிற்கிறது. கருவி வழுக்கினால் முகம் இருக்காது. கருவியை எனக்கு இரவல் தந்த தக்கலை மெக்கானிக் பெரியவர், "தம்பி, வில்லுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதே. இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தார். முன்பின் அறியாத ஒருவர் எனக்காகக் காட்டிய அக்கறையை, என்னிடம் பணம் வாங்கிய நீங்கள் காட்டவில்லை.

இனி ஏழாவது வரிக்கு வருகிறேன்.

ஏழாவது வரி: எல்லா போல்ட்டுகளையும் குறிப்பிட்ட டார்க்கில் முழுமையாக இறுக்கவும். எட்டாவது வரி: சக்கரத்தை மாட்டி, வாகனத்தைத் தரையில் இறக்கவும். இவ்வளவுதான் இருந்தது. டார்க் என்பது போல்ட்டை எவ்வளவு விசையோடு முறுக்குவது என்ற அளவு. முதலில், குறிப்பிட்ட டார்க் என்கிறீர்களே, எங்கே குறிப்பிட்டிருக்கிறீர்கள்? தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர் எண்கூட இல்லை. அந்த அளவைப் பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சையும் தேடி இரவல் வாங்கி வந்திருந்தேன். அதை எந்த எண்ணில் நிறுத்துவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் பத்துக் கிலோ தொங்கினால் அது ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர். இப்படி ஒரு வரி எழுதி, பக்கத்தில் உரிய எண்ணைப் போட்டிருந்தால் இங்குள்ள எந்தப் பையனுக்கும் புரிந்திருக்கும்.

எண்ணை விடுங்கள். நீங்கள் சொன்ன வரிசையே தவறு.

லோயர் ஆர்மின் புஷ் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவே ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் அசையாமல் பிடித்துக்கொள்கிறது; ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. கார் ஜாக்கியில் தூக்கி நிற்கும்போது ஆர்ம் கீழே தொங்கும். அந்த நிலையில் போல்ட்டை முழுமையாக இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கியவுடனே ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. வீட்டு முற்றத்தில் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடுவதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்கு மேலும் முறுக்குகிறது. போல்ட்டை முதலில் லேசாகப் பிடிக்க வைத்து, காரைத் தரையில் இறக்கி, வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முழுமையாக இறுக்க வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்கள் அறிந்த பாலபாடம் இது. உங்கள் தாளில் மட்டும் இல்லை. எனக்கு அன்று தெரியாது. நான் உங்கள் ஏழாவது வரியை நம்பி, அதில் உள்ளபடியே செய்தேன்.

மார்த்தாண்டத்தில் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் பார்த்தேன். அதைச் செய்ய வேண்டும் என்றும் தாளில் இல்லை, நானாகச் செய்துகொண்டேன். இரண்டு மாதம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு முன்பக்கத்தில் கடக் கடக் என்று ஒரு சத்தம் தொடங்கியது. ஆனி மாதம் ஒரு மழைக்காலை, பின் இருக்கையில் என் அம்மாவை வைத்துக்கொண்டு திருவட்டாறு நோக்கி இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். எதிரே பஸ் வளைந்து வர, பிரேக்கை மிதித்தேன். வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்தியபோது முன்சக்கரத்துக்கும் ஓடைக்கும் இடையே இரண்டு சாண் இருந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை. முன் இருக்கையின் முதுகைப் பிடித்திருந்த கையை வீட்டுக்கு வரும்வரை எடுக்கவில்லை.

அதே தக்கலைப் பெரியவர்தான் ஆர்மைக் கழற்றினார். புஷ்ஷை உள்ளங்கையில் வைத்துத் துடைத்துக் காட்டினார். ரப்பர் வளைவாக, சாய்வாக, பட்டையில் பால்வெட்டுக் கத்தி போட்ட கோடு மாதிரி கிழிந்திருந்தது. கட்டைவிரலால் நெம்பினால் கிழிசல் வாயைத் திறந்தது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில்.

"வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டே இறுக்கினாயா?" என்று கேட்டார்.

தாளை எடுத்து நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் ஏழாவது வரியையும் எட்டாவது வரியையும் தமிழில் சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை எழுதினவர் ஒரு தடவையாவது வண்டிக்கு அடியில் படுத்திருப்பாரா தம்பி?" என்றார்.

அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் கேட்கிறேன்.

ரப்பர் எங்களுக்குப் புதிய பொருள் அல்ல. இங்கே இருட்டு விலகுவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சிரட்டையில் சொட்டுச் சொட்டாகப் பால் சேர்ந்து, உறைந்து, மெஷினில் நசுங்கி, புகையில் காய்ந்து ஷீட்டாகும் வரை ஒவ்வொரு கட்டத்தையும் அறிந்தவர்கள். நல்ல ரப்பர் நான்கு மாதத்தில் இப்படிக் கிழியாது என்பதும், உங்கள் ரப்பரில் குறையில்லை என்பதும் அந்த புஷ்ஷைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. குறை தாளில் இருக்கிறது.

பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று உங்கள் சேவைப் பிரிவில் பேசியவர் தொலைபேசியில் சொன்னார். அப்படியானால் வீட்டிலேயே எளிதில் பொருத்தலாம் என்ற வாசகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. விற்கும்போது வீட்டுக்காரர், புகார் வரும்போது பயிற்சி இல்லாதவர் என்றால், இதற்கு நடுவில் நாங்கள் எங்கே நிற்பது? மெக்கானிக்குகளிடமும் இதே தாள்தானே போகிறது? தக்கலையிலும் கருங்கலிலும் திங்கள்நகரிலும் சாலையோரப் பட்டறைகளில் வேலை பழகும் பையன்கள் இருக்கிறார்கள். நல்ல கைத்திறன் உள்ளவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எல்லாப் பட்டறையிலும் அந்தப் பெரியவர் இல்லை. ஒரு தாள் ஒழுங்காக இருந்தால் அதுவே அவர்களுக்கு வாத்தியாராக இருக்கும்.

தமிழில் அச்சிடுவது செலவு என்று சொல்லாதீர்கள். மழைக்கு முன்னால் ரப்பர் இலை உதிராமல் இருக்க நாங்கள் மருந்து அடிக்கிறோம். பூச்சிமருந்துப் புட்டியானாலும் பூஞ்சணமருந்து ஆனாலும் கூடவே மடித்து ஒரு தாள் வருகிறது. அதில் பல மொழிகளுக்கு நடுவே தமிழ் இருக்கிறது. எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தண்ணீர், தவறி வாய்க்குள் போனால் என்ன செய்வது, எல்லாம் இருக்கிறது. விஷத்தை விற்பவர்களுக்கு முடிந்தது, ஓர் ஆளின் உயிர் தொங்கும் போல்ட்டை விற்பவர்களுக்கு ஏன் முடியவில்லை?

எங்கள் வீட்டில் வாங்கும் பொருட்களில் பாதிக்கு இதே கதைதான். கிணற்று மோட்டாருக்கு வந்த தாளும் இன்வெர்ட்டருக்கு வந்த தாளும் தமிழில் இல்லை. விளம்பரம் மட்டும் எங்கள் மொழியில், எங்கள் ஊர்ச் சுவர்களில், தலையளவு எழுத்தில். வாங்கு என்று சொல்லத் தமிழ் வேண்டும். வாங்கிய பிறகு கை நசுங்காமல் காப்பாற்றத் தமிழ் வேண்டாம். 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம், அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்ததே மொழிக்காகத்தான். அதற்காக உயிர் கொடுத்தவர்களின் ஊர் இது. இங்கே கடை விரிப்பவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். மீண்டும் தாளுக்கே வருகிறேன்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆவது பிரிவை உங்கள் சட்டப் பிரிவினர் அறிந்திருப்பார்கள். தீங்கு நேராதபடி சரியாகப் பயன்படுத்துவதற்குப் போதிய அறிவுரையோ எச்சரிக்கையோ இல்லாமல் விற்கப்பட்ட பொருளால் தீங்கு நேர்ந்தால் அதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பாவார் என்று அதில் இருக்கிறது. நான் இன்னும் நுகர்வோர் ஆணையத்தின் படி ஏறவில்லை. ஏறாமல் இருக்கவே விரும்புகிறேன். எனக்கு வேண்டியது இழப்பீடு இல்லை. புஷ்ஷின் விலையை நானே கொடுத்துவிட்டேன். உட்புறம் தேய்ந்துபோன முன் டயர்கள் இரண்டின் விலையையும் கொடுத்துவிட்டேன்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். ஏழாவது வரியைத் திருத்துங்கள். வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே ஆர்ம் போல்ட்டுகளை முழுமையாக இறுக்க வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நேரே டார்க் எண்ணைப் போடுங்கள். வாஷரின் குழி எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு படம் வரையுங்கள். ஒருமுறை கழற்றிய, உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைத் திரும்பப் போடக் கூடாது என்று சொல்லுங்கள். சுருள்வில்லைப் பற்றிய எச்சரிக்கையை எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். அனைத்தையும் தமிழிலும் எழுதுங்கள். ஏற்கெனவே விற்ற பெட்டிகளை வாங்கியவர்களுக்குக் கடைகள் வழியாக ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். அவர்களில் எத்தனை பேர் இப்போது முறுக்கிய ரப்பரோடு இறக்கங்களில் வந்துகொண்டிருக்கிறார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

உங்கள் வேலை எளிதாக இருக்கட்டும் என்று, தக்கலைப் பெரியவர் சொல்லச் சொல்ல நானே தமிழில் நான்கு பக்கம் எழுதி, படங்களும் வரைந்து, உங்கள் அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். டார்க் எண்கள் வரும் இடங்களை மட்டும் வெற்றாக விட்டிருக்கிறேன். அவற்றை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள். அந்தத் தாளைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்; என் பெயர் வேண்டாம். கிழிந்த புஷ்கள் இரண்டையும் எறியாமல் வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் எவரேனும் வந்து பார்க்க விரும்பினால், பால்வெட்டு முடிந்து நான் வீட்டுக்கு வரும் பத்து மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
குலசேகரம் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்