2,000 கார்டிலும் இடைவெளியைக் காணோமுங்க

வணக்கமுங்க.

சென்னிமலையில் கைத்தறிப் போர்வை நெய்து ஆன்லைனில் விற்கிறேன். போர்வையோடு வைக்க 2,000 நன்றி கார்டு உங்களிடம் அடிக்கக் கொடுத்திருந்தேன். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ப்ரூஃப் சரியாகத்தான் இருந்தது, ஓகேவும் சொன்னேன். வந்த பண்டலைப் பிரித்தால் இங்கிலீஷ் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. போன் செய்தால் உங்கள் டிசைனர் தம்பி, "லைன்ல எடம் பத்தலைங்ணா, அதான் நடுவுல ஸ்பேஸை எடுத்துட்டேன், படிச்சா ஒண்ணுதானுங்களே" என்கிறார்.

எப்படிங்க ஒன்று? 'எ பார்ட்' என்று பிரித்து எழுதினால் ஓர் அங்கம், சேர்த்தால் 'அபார்ட்', விலகி நிற்பது. நீங்களும் எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று சொல்ல வந்த கார்டு, காசு கொடுத்து வாங்கினவரைப் பாகம் பிரித்து வெளியே அனுப்புகிறது. பலகையும் பல கையும் ஒன்றாகிவிடுமா?

'எவ்ரி டே' இரண்டு இடத்தில் வருகிறது. அன்றாடப் புழக்கத்துக்கான போர்வை என்னும் இடத்தில் சேர்த்துத்தான் எழுத வேண்டும், அது சரி. தினமும் விரிக்கலாம் என்னும் இடத்தில் பிரிக்க வேண்டும், அங்கேயும் சேர்த்துவிட்டார். 'எ லாட்' சேர்ந்தால் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது, கூட ஓர் 'எல்' விழுந்தால் ஒதுக்கிக் கொடு என்று அர்த்தம், ஹவுசிங் போர்டில் வீடு அலாட் ஆகிற மாதிரி. உப்புத் தண்ணீரில் அரை மணி நேரமாவது ஊறவையுங்கள் என்ற வரியில் 'அட் லீஸ்ட்'டும் ஒட்டிவிட்டது. தமிழில் நாம் அதைச் சேர்த்து எழுதிப் பழகிவிட்டோம், இங்கிலீஷில் செல்லாது. 'தேங்க் யூ'வும் அப்படித்தான்.

தம்பி மேல் முழுத் தப்பும் சொல்ல மாட்டேன். 'சம்ஒன்', 'எவ்ரிஒன்' எல்லாம் ஒட்டியிருக்க 'நோ ஒன்' மட்டும் தனித்தனியாக நிற்கிற பாஷை அது, யாருக்கும் குழப்பம் வரும். ஆனால் நான் ஓகே சொன்ன பிறகு என்னைக் கேட்காமல் கை வைத்ததுதான் பொறுக்கவில்லை. இடம் பத்தவில்லை என்றால் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கியிருக்கலாமே.

20 சதவீதம் குறைத்துக்கொள்கிறோம் என்கிறீர்கள். சாயம் போன போர்வை என்றால் தள்ளுபடியில் தள்ளிவிடலாம், இந்தக் கார்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? மேலே ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலையும் வேண்டாமுங்க. தீபாவளி ஆர்டர் கட்டுவதற்குள், ப்ரூஃபில் இருந்தபடியே 2,000 கார்டும் உங்கள் செலவில் திரும்ப அடித்துக் கொடுங்கள், இல்லையென்றால் கட்டிய பணத்தை முழுசாகத் திருப்பிப் போடுங்கள். பழைய பண்டல் பிரித்தபடியே தறிக்கூடத்துத் திண்ணையில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.