ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்தில் தமிழ் மரபுடைமை நடை: நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் ஓஃபிர் சாலையிலுள்ள தூய லூர்து மாதா ஆலயத்தின் வரலாற்றைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு சுற்றிவரும் மரபுடைமை நடை இனிதே நிறைவேறியது. அதற்குத் துணைநின்ற அனைவருக்கும் ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் நன்றி தெரிவிக்கவே இம்மடல்.

மறையுரைக்கும், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திற்கும் தம் மொழியிலேயே ஓர் இடம் வேண்டும் என்ற தமிழ்க் கத்தோலிக்கரின் தேவையே இவ்வாலயத்தின் தொடக்கம். அதற்கு முன்னர் அவர்கள் குவீன் ஸ்திரீட்டிலுள்ள தூய பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கரோடு சேர்ந்து வழிபட்டனர். இரு மொழிகளையும் கற்றிருந்த பிரெஞ்சுக் குரு பியேர் பாரி இரு சமூகத்தாருக்கும் பணியாற்றி 1883-இல் மறைந்தார். 1886 ஆகஸ்ட் முதல் தேதி ஆயர் கஸ்னியே அடிக்கல் நாட்ட, அருள்தந்தை மெனுவ்ரியேயின் முயற்சியால் 1888-இல் ஆலயம் எழுந்தது. 1974 வரை இதன் எல்லை தெருக்களால் அன்றி மொழியால் வகுக்கப்பட்டிருந்தது என்பதை, அதாவது தீவின் எந்த மூலையில் வசித்தாலும் தமிழ்க் கத்தோலிக்கருக்கு இதுவே பங்காக, அதாவது அவர்களுக்குரிய ஆலயச் சமூகமாக, இருந்தது என்பதை, வந்திருந்த இளையரில் பெரும்பாலோர் அன்றுதான் அறிந்தனர். 2005-இல் இது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதையும் அவ்விடத்திலேயே எடுத்துரைத்தோம். ஆயினும், என் கருத்தில், அந்த அறிவிப்பைவிட 1974-க்கு முந்தைய காலமே நமக்கு முக்கியமானது.

அந்தக் காலத்தை எங்களுக்குக் காட்டியவர்கள் பங்கின் மூத்த தாய்மார்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஒருவர் கொண்டுவந்த திருமணப் படத்தில் மணமகள் பட்டுப் புடவைமேல் வெள்ளை முக்காடும், மணமகன் கோட்டும் வேட்டியுமாக ஆலய வாசலில் நிற்கிறார்கள்; படம்பிடித்தவர் மணமக்களிலேயே கண்ணாக இருந்ததால் கோபுரத்தின் தலை வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. அப்படத்தைப் பிரதியெடுக்க அனுமதித்த அந்த அம்மையாருக்கும், பாண்டிச்சேரி வில்லியனூர் மாதா கோயிலைப் பற்றி அவரோடு பேசி மகிழ்ந்து, நேரம் போனதையே மறக்கச் செய்த மற்ற மூதாட்டியருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

பிரான்சின் லூர்து நகரப் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கூர்முனை வளைவுகள் கொண்ட நவகோதிக் பாணியில் எழுந்த ஆலயம் இது. 1858-இல் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா காட்சியளித்த குகையை நினைவூட்டும் கெபியும் வளாகத்தில் உண்டு. கட்டடக்கலையை விளக்க நாங்கள் நிபுணர் எவரையும் அழைக்கவில்லை. கட்டுமானத் துறையில் பணிபுரியும், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பிதான், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்து அந்த வேலையைச் செய்தார். அரைவட்ட வளைவு தன்மேல் ஏறும் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும் என்றும், கூர்முனை வளைவோ அதைப் பெரும்பாலும் கீழ்நோக்கித் தூண்களுக்குள் இறக்கிவிடும் என்றும், அதனால்தான் இத்தகைய கோயில்களில் சுவரை உயர்த்தி நீண்ட சன்னல்களை வைக்க முடிந்தது என்றும், மடக்கிய குடையின் நுனியால் சுட்டிக்காட்டிச் சொன்னார். எந்தக் கையேட்டிலும் இத்தனை தெளிவாக நான் படித்ததில்லை.

திருப்பலிகளுக்கு இடையே ஆலயத்தைத் திறந்து தந்த பங்குத்தந்தைக்கும், ஒவ்வொரு விளக்கையும் பொறுமையாகப் போட்டுக்காட்டிய ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளைக்கும், சக்கர நாற்காலியில் வந்தோரைக் கவனித்துக்கொண்ட தொண்டூழியர்களுக்கும், சமய வேறுபாடு பாராமல் கலந்துகொண்ட இந்து, முஸ்லிம் நண்பர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். நாங்கள் பசியாறிய கோப்பிக்கடையின் உரிமையாளர் கடைசிச் சுற்றுத் தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், அவருக்கும் நன்றி.

மூத்தோர் பேச்சின் ஒலிப்பதிவுகளை இப்போது எழுத்தில் வடித்து வருகிறோம். இரவல் பெற்ற படங்கள் யாவும் உரியவர்களிடம் நேரில் ஒப்படைக்கப்படும். அடுத்த நடையைப் பிப்ரவரி 11, மாதா திருநாளையொட்டி நடத்த எண்ணியுள்ளோம். வீட்டில் பழைய திருமண அழைப்பிதழோ, ஞானஸ்நானச் சான்றிதழோ, ஜெபப் புத்தகமோ வைத்திருப்போர் அதற்குள் எங்களிடம் காட்டினால் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஏற்பாட்டுக் குழுவினர்